வாயசைவுக்கு ஏற்ற வார்த்தை

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு அழுகாச்சி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது அவள் பிழைப்பு. எந்தத் தேசத்துப் படமானாலும் அதில் ஒரு அம்மா இருப்பாள், அந்த அம்மா எங்காவது ஓரிடத்தில் அழுதே தீருவாள், அந்த அழுகைக்கு இவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். விசும்பல், விம்மல், வாய்விட்டு அழுவது, வாயைப் பொத்திக்கொண்டு அழுவது எல்லாம் அவளிடம் எப்போதும் தயார். அழுது முடித்த கையோடு ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு, "அடுத்தது என்ன, சிரிப்பா?" என்பாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஒரே ஒரு சொல்லுக்காக மைக்கின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இதை என் வாயால சொல்ல மாட்டேன்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வசனகர்த்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவருக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவாளர். தலை நரைக்கிறவரை பொத்தான்களைத் தட்டியே காலம் தள்ளியவர் என்பதால் அவருக்குப் பொத்தான் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"எதைக்கா?" என்றார் வசனகர்த்தா.

தாளில் இருந்த சொல்லைத் தொடாமல், அதற்குச் சற்றுத் தள்ளி விரலை வைத்துக் காட்டினாள்.

அது என்ன சொல் என்று நானும் எழுதப்போவதில்லை. தெரியாதவர் யாரும் இல்லை. கதவிடுக்கில் விரல் நசுங்கினால் நல்ல நல்ல மனிதர்களுக்கெல்லாம் தன்னால் வந்துவிடுகிற சொல்தான். யாரைப் பார்த்துச் சொன்னாலும் கடைசியில் போய் விழுவது அவனைப் பெற்றவள் தலையில், அந்த ரகம்.

படத்தின் கதையை வசனகர்த்தா அவளுக்கு நான்கு வாக்கியத்தில் சொல்லியிருந்தார். துறைமுக ஊர் ஒன்றில் மீன் வெட்டும் ஆலையில் வேலை செய்கிற ஒரு தாய். மகன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். அவள் வருஷக்கணக்கில் தேடி அலைகிறாள். ஒருநாள் கதவு தட்டப்படுகிறது, திறந்தால் மகன் நிற்கிறான். கட்டிக்கொண்டு கதற வேண்டிய அந்த இடத்தில்தான் அந்தத் தாயின் வாயில் இந்தச் சொல் வருகிறது.

"காணாமப் போன புள்ளை வாசல்ல வந்து நிக்கிறான். எந்தத் தாய் இப்படிப் பேசுவா?" என்றாள் அக்கா.

"மூலத்துல அப்படித்தான் இருக்கு."

"மூலத்துல கோளாறு இருந்தா வைத்தியம் பாக்கணும். அப்படியே எடுத்துட்டு வரக் கூடாது."

பொத்தான் சிரித்துவிட்டார். வசனகர்த்தா விடுகிற மாதிரி இல்லை.

"அக்கா, இந்த வார்த்தையில திட்டு யாருக்குப் போய்ச் சேருது? அவனோட அம்மாவுக்கு. அவனோட அம்மா யாரு? இவதானே. தன்னையே திட்டிக்கிறா. அதான் சீன்."

"விளக்கம் மணக்குது. வார்த்தை நாறுது."

அதோடு விட்டிருந்தால் வேறு யாரையாவது வைத்து அந்த ஒரு சொல்லை ஒட்டியிருப்பார்கள். ஆனால் அக்கா தொழிலில் கெட்டி. திரையில் அந்த நடிகையின் வாயைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள்.

"உதடு மூடித் திறக்குது. அப்புறம் பல்லு கீழ் உதட்டுல படுது. பாவின்னு வையுங்க. பா-வுக்கு உதடு மூடும், வி-க்குப் பல்லு படும். தைச்ச மாதிரி உக்காரும்."

வைத்துப் பார்த்தார்கள். தைத்த மாதிரிதான் உட்கார்ந்தது. வசனகர்த்தா, "அக்காகிட்ட வாய் குடுத்து ஜெயிக்க முடியுமா" என்று மூக்குக்கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கிக்கொண்டார். அக்கா ஒரே மூச்சில் "பாவி" என்று நெஞ்சடைக்கச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குரல் கொடுக்கிறவர்கள் யாரும் முழுப் படத்தைப் பார்ப்பதில்லை. தங்கள் வாய் அசைகிற துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டுவார்கள். வாய் மூடியதும் துண்டு முடிந்துவிடும். முன்னால் என்ன நடந்தது, அந்தப் பேச்சைக் கேட்டவன் முகம் என்ன ஆனது என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் வராது. நாலு படத்துக்கு ஓடுகிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை.

அந்தச் சொல்லின் மேல் அக்காவுக்கு ஏன் அத்தனை வெறுப்பு என்று கூடத்தில் யாருக்கும் தெரியாது. அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் முதலில் வாய் வரும், ஆள் பின்னால் வருவார். கை நீட்டிப் பெண்டாட்டியை அடித்ததே இல்லை, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். ஆனால் அந்த வாயிலிருந்து கொட்டுவது அடியைவிட மோசம். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதைப் பார்த்தபடியே அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்குவாள். கெட்ட வார்த்தை இல்லாத வீடுதான் நல்ல வீடு என்று அக்கா அந்த வயதிலேயே தீர்மானித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள். அவளைத் தன் குரலை வைத்தே வளர்த்து ஆளாக்கினாள். வளர்ப்பில் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். சின்ன வயதில் மகள் பூனையைப் பார்த்து "சனியனே" என்று சொல்லிவிட்டாள் என்பதற்காக, அந்தப் பூனையிடமே அவளை மன்னிப்புக் கேட்க வைத்தவள் அக்கா. பூனை மன்னித்ததா என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளை தேடியபோதும் அதே அளவுகோல்தான். நல்ல வேலை, சொந்த வீடு என்று வந்த வரன்களையெல்லாம் தள்ளிவிட்டு, பேச்சு மெத்தென்று இருந்த ஒருவரைப் பிடித்தாள். குரலே உயராது. கட்டிய மனைவியைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். கூடத்தில் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி அக்கா மாய்ந்துபோனாள்.

"பொண்டாட்டியை வாங்க போங்கன்னா, சண்டை எப்படிக்கா போடுவாங்க?" என்று கேட்டார் பொத்தான்.

"சண்டையே வராது" என்றாள் அக்கா.

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் சம்பந்தியம்மாளிடமிருந்து போன் வந்தது. "உங்க பொண்ணு என் பையனை என்ன வார்த்தை சொன்னா தெரியுமா? பாவம், என்கிட்ட சொல்லி வருத்தப்பட்டான். நான் அதை வாயால சொல்ல மாட்டேன். அவனைச் சொன்னா என்ன, என்னைச் சொன்னா என்ன, அந்த வார்த்தைக்கு ரெண்டும் ஒண்ணுதானே." அக்காவுக்குக் காதெல்லாம் எரிந்தது. உடனே மகளைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அவர் என்ன பண்ணாருன்னு நீ முதல்ல கேளு" என்று தொடங்கினாள் மகள். அழுதிருந்த குரல்.

"அவர் என்ன பண்ணியிருந்தாலும் சரி. அந்த வார்த்தை உன் வாயில எப்படி வந்துச்சு? உங்க தாத்தா வாய் உனக்கு வந்துடுச்சா?"

"அம்மா, ஒரு நிமிஷம் கேளேன்."

"முதல்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேளு. மத்ததை அப்புறம் கேக்கறேன்."

பிறகு போன் வழியாகவே "மன்னிச்சிடுங்க" என்று மகள் சொல்வது கேட்டது. அடுத்து மருமகனின் குரல் வந்தது. "பரவாயில்லைங்க அத்தை. நான் மனசுல வச்சுக்க மாட்டேன். அவங்களுக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணுதானே." எவ்வளவு பெரிய மனசு என்று அக்கா நெகிழ்ந்துபோனாள்.

அப்புறம் கேட்கிறேன் என்றவள் அப்புறம் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு மகள் திருந்திவிட்டாள். சாயங்காலமானால் போன் வரும். "நல்லா இருக்கேன்மா. நீங்க சாப்பிட்டீங்களா? உடம்பைப் பாத்துக்குங்க." நீ, வா, போ என்று அம்மாவைப் படுத்தியெடுத்தவள் நீங்க, வாங்க என்றாகிவிட்டாள். புகுந்த வீட்டின் பழக்கம், மரியாதை வந்துவிட்டது என்று அக்கா கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டாள். மகளின் குரலில் பாத்திரத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு எதிரொலி மட்டும் சின்னதாகக் காதில் உறுத்தியது. அதைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்துவிட்டாள்.

அந்தத் துறைமுகப் படம் முடிகிற கட்டத்தில் பொத்தான் அவளைக் கூப்பிட்டார். ஒரு இருமல் விட்டுப்போயிருக்கிறதாம். "முழுப் படத்தையும் ஓட்டிப் பாக்கப் போறோம்க்கா. முடிஞ்சதும் ஒரு இருமல் இருமிட்டுப் போயிடுங்க." இருமலுக்காக ஒரு பஸ் ஏறி வந்தாள். காத்திருக்க வேறு இடம் இல்லாததால் சின்ன அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அப்படித்தான் ரொம்ப காலத்துக்குப் பிறகு, தான் குரல் கொடுத்த ஒரு படத்தை முதலிலிருந்து பார்க்க நேர்ந்தது.

படம் முழுக்கக் கொச்சை. கப்பல்காரன் பேசுகிறான், மீன் வியாபாரி பேசுகிறான், ஆலையின் மேற்பார்வையாளன் பேசுகிறான், எல்லோர் வாயிலும் சாக்கடை. இதற்கெல்லாம் எவன் குரல் கொடுத்தானோ, வீட்டில் அக்கா தங்கை இல்லையா என்று அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. இருமல் இருந்ததால் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் ஒரு காட்சி வந்தது. துறைமுகத்தில் ஒரு பையனின் பிணம் ஒதுங்கியிருக்கிறது என்று தாய்க்கு ஆள் வருகிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மீன் செதில் ஒட்டிய கையோடு ஓடுகிறாள். போர்வையை விலக்கிக் காட்டுகிறார்கள். அவள் மகன் இல்லை. வெளியே வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்த அடுத்த கணம், உள்ளே கிடப்பதும் யாரோ ஒருத்தியின் பிள்ளைதானே என்று உறைக்க, வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

அந்தச் சிரிப்பு அக்காவுடையது. "ஒரு சின்ன சிரிப்பு, அப்புறம் வாயைப் பொத்துங்க" என்று அன்றைக்குச் சொன்னார்கள். செய்து கொடுத்தாள், ஒரே தடவையில் முடிந்தது. எதைப் பார்த்துவிட்டு வந்து அவள் சிரிக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இப்போது இருட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. அழுகையை விற்றே காலம் ஓட்டியவள், கேட்பாரில்லாமல் உட்கார்ந்து அழுதாள். முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

அந்தத் தாய் ஊரில் எல்லோரிடமும் பணிவாகப் பேசுகிறாள். போலீஸ்காரனிடம் "நன்றி ஐயா" என்கிறாள், அவன் அவளை விரட்டிவிடுகிறான். விடுதிக்காரனிடம் "மன்னிக்கணும் ஐயா" என்கிறாள், அவன் கதவைச் சாத்துகிறான். யாரையெல்லாம் நம்ப முடியாதோ, யாருக்கெல்லாம் பயப்பட வேண்டுமோ, அவர்களிடமெல்லாம் நல்ல வார்த்தை. படத்தின் தொடக்கத்தில் மகன் வீட்டில் இருந்த நாட்களில் மட்டும்தான் அவள் வாய்க்கு வந்தபடி கத்துகிறாள். அவன் பதிலுக்குக் கத்துகிறான், இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள்.

வாசல் காட்சி வந்தது. மகன் கையில் பையோடு நிற்கிறான். ஏதோ சொல்வதற்கு மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிகிறது. வேற்றாளிடம் பேசுவதுபோல் தன்னிடமும் பேசி அனுப்பிவிடுவாளோ என்கிற பயமும் தெரிகிறது. தாயின் முகம் கோணுகிறது, வாய் திறக்கிறது. அக்காவின் குரல் நெஞ்சடைக்கச் சொன்னது: "பாவி."

அதற்கு அடுத்து வந்தது அக்கா பார்க்காத துண்டு. அதில் தாயின் வாய் இல்லை, மகனின் முகம் மட்டும்தான். அந்த முகம் மெல்ல மெல்ல உடைகிறது. பை கீழே விழுகிறது. திட்டு வாங்கிய சின்னப் பிள்ளையாக மாறி, சிரித்துக்கொண்டே அழுகிறான். தான் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது அவனுக்கு அந்தக் கணத்தில்தான் தெரிகிறது. ஆனால் திரையில் ஒன்றுமே ஒட்டவில்லை. யாரோ ஒரு நல்ல பெண்மணி "பாவி" என்று கண்ணியமாக வருத்தப்பட்டதற்கு இந்தப் பையன் எதற்காக இப்படி உடைந்துபோகிறான் என்றுதான் பார்க்கிறவனுக்குத் தோன்றும். வாயசைவு மட்டும் தைத்த மாதிரி இருந்தது.

விளக்குப் போட்டார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. மகளின் "நீங்க சாப்பிட்டீங்களா" அவள் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏதோ ஒரு வெறுமை இருந்ததே, பாத்திரத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு எதிரொலி, அது என்ன என்று இப்போது தெரிந்தது. மகள் ஒவ்வொரு நாளும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசியிருக்கிறாள். பக்கத்தில் யாரோ இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். காதை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இது முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் செய்தது. மரியாதை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அதை மூடி வைத்துவிட்டாள். அன்றைக்கும் மகள் வாயில் வந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டாள். அதற்கு முன்னால் என்ன ஓடியது என்று கேட்கவே மாட்டேன் என்றாள்.

"இருமல் எடுத்துடலாமாக்கா?" என்றார் பொத்தான்.

"அந்த வாசல் சீனைப் போடுங்க. முதல்ல எழுதியிருந்த மாதிரியே சொல்லிடறேன்."

வசனகர்த்தா நம்பாமல் பார்த்தார். "நிஜமாவா? நாறுதுன்னீங்களே."

"இப்பவும் நாறத்தான் செய்யுது. போடுங்க."

முதல் தடவை பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் வந்தது. இரண்டாவது தடவை வந்தபோது அவளே பயந்துவிட்டாள். அது அவளுடைய அப்பாவின் குரல், தெருமுனையில் முன்னால் வந்த அதே வாய். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். மூன்றாவது தடவை திரையில் கதவு திறந்தபோது, அந்தப் பையன் நின்ற இடத்தில் தன் மகள் நிற்பதாக நினைத்துக்கொண்டாள். சொல் வந்தது. திட்டாகவும் வந்தது, இத்தனை நாள் எங்கேடி போயிருந்தாய் என்கிற கதறலாகவும் வந்தது, சொன்னவளையே திரும்ப அடிக்கவும் செய்தது. பொத்தான் பொத்தானிலிருந்து எடுத்த கையை அப்படியே வைத்திருந்தார். வசனகர்த்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சற்றுப் பொறுத்துப் பொத்தான், "இருமல் பாக்கி இருக்குக்கா" என்றார்.

"நீங்களே இருமிக்குங்க" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

படிக்கட்டில் நின்றே மகளுக்குப் போன் போட்டாள். எடுத்தது மருமகன்.

"சொல்லுங்க அத்தை. அவங்க தூங்கறாங்க. எழுப்ப வேண்டாம்னு பாக்கறேன். சாயங்காலம் பேசச் சொல்றேன், சரிங்களா?"

குரலில் அதே மென்மை. ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் டிங் என்று ஒரு மணி அடித்து, ஒரு கதவு வழுக்கித் திறக்கிற சத்தம் கேட்டது. லிஃப்ட். மகள் இருப்பது தரைத்தளத்து வீடு, அந்தத் தெருவிலேயே லிஃப்ட் கிடையாது. மருமகன் அலுவலகத்தில் இருக்கிறார், மகளின் போனும் அவரோடு அலுவலகத்தில் இருக்கிறது. "சரிங்க மாப்பிள்ளை" என்று எப்போதும் சொல்கிற அதே தொனியில் சொல்லி வைத்தாள். நடிப்பு அவளுக்குப் புதிதில்லை.

பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. ஒரே அச்சில் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கிற தெரு. மகள் வீட்டு வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. யாரும் இல்லையோ என்று திரும்பப் போனவளின் காதில், உள்ளே குழாயைத் திருகி நிறுத்துகிற சத்தம் விழுந்தது. கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் ஒரு கை அகலத்துக்குத் திறந்தது.

"அம்மா? நீங்க எங்க இங்க?"

"கதவைத் திற."

"சாவி அவங்ககிட்ட இருக்கும்மா. பாதுகாப்புக்காகப் பூட்டிட்டுப் போவாங்க. சாயங்காலம் வந்துடுவாங்க. நீங்க போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே."

எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல் இருந்தது. மகள் இளைத்திருந்தாள். தலை ஒழுங்காக வாரி, புடவை ஒழுங்காகக் கட்டி, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

"தினமும் பூட்டறாரா?"

"வேலை நாள்ல மட்டும்தாம்மா." அவருக்குச் சாதகமான விஷயத்தைச் சொல்கிற மாதிரி அதைச் சொன்னாள்.

"எப்பலேர்ந்து?"

மகள் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மறுபடி கேட்டாள்.

"நான் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டேன் இல்ல, அன்னைக்குக் காலையிலதாம்மா முதல் தடவை. வெளியில பூட்டற சத்தம் கேட்டுச்சு. கதவைத் தட்டினேன். உள்ளேர்ந்து கத்தினேன். அவங்க திரும்பிப் பாக்காம நடந்துட்டே இருந்தாங்க. இதே ஜன்னல் வழியாத்தான் அந்த வார்த்தை வந்துடுச்சு. அதுக்கு நின்னாங்க. திரும்பி வந்து, இந்த மாதிரிப் பேசறவங்களை எப்படி வெளியில விடறதுன்னு கேட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தப்புதான்" என்றாள்.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எந்தத் தப்பும் பண்ணலைடி. நான்தான் பண்ணினேன். கேளுன்னு கெஞ்சினியே, கேக்கலையே நான். என்னைத் திட்டு. வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டு."

"எதுக்கும்மா? நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க."

அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பாள்.

எதிர்வீட்டு வாசலில் ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அக்கா தெருவைக் கடந்து அவரிடம் போனாள்.

"ஐயா, நான் அந்தப் பொண்ணோட அம்மா. பூட்டை உடைக்கணும். சுத்தியல் இருந்தா குடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உடைக்கவா? எதுக்குங்க? அவர் வந்துடட்டுமே. தங்கமான மனுஷங்க. இத்தனை நாள் குடியிருக்கார், ஒரு கெட்ட வார்த்தை பேசி நாங்க கேட்டதில்லை."

"ஆமாங்க. நானும் அதைக் கேட்டுத்தான் பொண்ணைக் குடுத்தேன். சுத்தியலைக் குடுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. எண்ணெய்க் கையோடு அவளையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து, அவருடைய கருவிப் பெட்டியைத் தானே திறந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்ப நடந்தாள். பூட்டை இடது கையால் பிடித்து, வலது கையை ஓங்கினாள்.

"அம்மா, வேண்டாம்மா" என்றாள் மகள் ஜன்னலுக்குள்ளிருந்து, மெதுவாக, ரொம்பவும் மரியாதையாக. "பூட்டு உடைஞ்சா அவங்க வருத்தப்படுவாங்க."

அக்கா அடிக்கத் தொடங்கினாள்.